உங்களுக்குத் தெரியுமா? விளம்பரத் தலைவர் தொடங்கிய விளம்பரமில்லாத தேடுபொறி

ஸ்ரீமுஷ்ணத்தில் உட்கார்ந்துகொண்டு ‘மூட்டுவலிக்கு மருந்து’ என்று போனில் ஒருமுறை தேடுங்கள். அடுத்த ஒரு வாரம் தைல விளம்பரம் துரத்தினாலும் துரத்தும். அவ்வூர்ப் பெருமாள் பூவராகரிடம் சொன்ன வலி அவரோடு போகும். தேடல் பெட்டியில் தட்டியது அப்படியில்லை.

கூகுளின் விளம்பரப் பிரிவையே நடத்தியவர் ஸ்ரீதர் ராமசாமி, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2018-இல் வெளியேறி, ‘நீவா’ என்ற தேடுபொறியைத் தொடங்கினார். விளம்பரம் இல்லை, வேவு இல்லை, சந்தாதான் வருமானம். பாராட்டு கிடைத்தது, போதிய சந்தா கிடைக்கவில்லை. 2023-இல் கடையைக் கட்டினார்கள்.

காசு கேட்காதவையும் உண்டு. 2008-இல் வந்த டக்டக்கோ, தட்டிய சொல்லை வைத்து விளம்பரம் காட்டும். தட்டியவர் யாரென்று குறித்துவைக்காது. அதன் பதில்களில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் பிங் தருவது. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ், நீங்கள் யாரென்று காட்டாமல் கூகுளிடம் கேட்டுச் சொல்லும். நமக்காக அடுத்த வீட்டுக்காரர் கடைக்குப் போய்வருவது மாதிரி!

தமிழில் தட்டும் கேள்விக்கும் பக்கத்துக் கடை விவரத்துக்கும் கூகுளின் கைதான் இன்னும் ஓங்கியிருக்கிறது. அதனால் விருத்தாசலம் பஸ்ஸுக்கு கூகுள், நோய்க்கும் கடனுக்கும் டக்டக்கோவோ ஸ்டார்ட்பேஜோ என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு, அமைப்புகளில் ‘தேடல் இன்ஜின்’ பகுதிக்குப் போனால் மாற்றிவிடலாம். மறைநிலைப் பக்கம் போதுமே என்பவர்களுக்கு: அது உங்கள் போனில் மட்டும்தான் தடத்தை அழிக்கும்.