ராத்தலுக்கு எத்தனை குண்டு?

"தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கிறது. எழுத்து, எண், முத்திரை எதுவும் இல்லை. எந்தக் காலத்தது? விலை போகுமா?" என்று கேட்டிருக்கிறார் திருவொற்றியூர் வாசகர் ஒருவர்.

விலையைப் பற்றிய ஆசைக்குக் காரணம் உண்டு. 2019 மார்ச்சில், இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த திப்பு சுல்தானின் வெள்ளிப் பூண் துப்பாக்கி 60,000 பவுண்டுக்கு ஏலம் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி மேஜர் தாமஸ் ஹார்ட் கொண்டுபோன பொருள் அது. கைமாறி வந்த வரலாறு தெரிந்திருந்ததால்தான் அந்த விலை. நம் வீட்டுத் துப்பாக்கி திப்புவுடையது, கட்டபொம்மனுடையது என்று யாராவது படத்தைப் பார்த்தே சொன்னால் நம்ப வேண்டாம். ஆளைச் சொல்ல இரும்பால் முடியாது. வகையைச் சொல்ல முடியும். அதற்கு முத்திரைகூடத் தேவையில்லை.

முதலில் இரண்டு எச்சரிக்கைகள். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் பழைய மருந்து அப்படியே இருக்கலாம். ஈரம் படாத கருமருந்து நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். எனவே யாரும் குதிரையை இழுத்துப் பார்க்கக் கூடாது, குழலைச் சூடுபடுத்தக் கூடாது. அடுத்தது சட்டம். தாத்தாவின் பெயரில் உரிமம் இருந்திருந்தாலும் அது வாரிசுக்குத் தானாக வராது. 1959 ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பழம்பொருள் என்ற விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ளவற்றுக்குத்தான்.

ஒப்படைக்கும் இடத்தில் மருந்து இல்லை என்று உறுதிசெய்த பிறகு, அனுமதி கேட்டு ஒரே ஒரு வேலை செய்யலாம். மெல்லக் குறுகும் மரக்கூம்பு ஒன்றைக் குழலின் வாயில் செருகி, விளிம்பு தொடும் இடத்தில் பென்சிலால் சுற்றிலும் கோடு போட வேண்டும். கூம்பை மட்டும் பக்கத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், கோட்டின் மேல் வெர்னியரை வைத்து விட்டத்தைப் படிக்கச் சொல்லலாம். கிடைக்கும் எண்தான் சாவி.

வங்கி வாசலில் காவலர் வைத்திருக்கும் 'பன்னிரண்டு போர்' துப்பாக்கியில் பன்னிரண்டு எதைக் குறிக்கிறது? ஒரு ராத்தல் ஈயத்தை, அதாவது 454 கிராமை, பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குச் சரியாக இருக்கும். காசிமேட்டில் இறால் வாங்குகிறவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே 'இருபது கவுண்ட்' என்றால் கிலோவுக்கு இருபது இறால். எண் குறையக் குறைய இறால் பெரிது. போர் எண் குறையக் குறைய குழலும் பெரிது. இறால் இரு மடங்கு நீளமாகி, மற்ற அளவுகளும் அதே விகிதத்தில் வளர்ந்தால் எடை எட்டு மடங்காகும், கவுண்ட் எட்டில் ஒன்றாகும். குண்டுக்கும் இதே கணக்குதான். ஒரு ராத்தல் ஈயத்தை ஒரே உருண்டையாக வார்த்தால் விட்டம் 42.4 மி.மீ. அதைக் குழலின் விட்டத்தால் வகுத்து மும்மடிக்கு உயர்த்தினால் போர் எண் வந்துவிடும். 18.5 மி.மீ. என்றால் 12. அளவில் ஒரு சதவீதம் பிசகினால் எண்ணில் மூன்று சதவீதம் பிசகும். ஸ்கேல் வைத்து அளந்தால் போதாது என்பது இதனால்தான்.

இறாலுக்குத் தலையோடு ஒரு கவுண்ட், தலை கிள்ளிய பின் ஒரு கவுண்ட். துப்பாக்கிக்கும் அப்படி இரண்டு உண்டு. ஆங்கிலேயச் சிப்பாயின் பழைய 'மஸ்கட்' துப்பாக்கியின் குழல் 19 மி.மீ., அதாவது பதினொன்று போர். உள்ளே போட்ட குண்டோ 17.5 மி.மீ., ராத்தலுக்குப் பதினான்கு. இந்த ஒன்றரை மி.மீ. இடைவெளி வேண்டுமென்றே விட்டது. கருமருந்து எரிந்தால் கரி குழலில் அப்பிக்கொள்ளும். இறுக்கமான குண்டென்றால் சில வேட்டுகளுக்குப் பிறகு இறங்காது. எதிரி ஓடி வரும்போது குறியைவிட வேகம் முக்கியம் என்று முடிவெடுத்தவர்கள் விட்ட இடைவெளி அது.

இனிக் கொஞ்சம் வரலாறு. திருவொற்றியூருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டு சேர்ந்து இங்கே கொண்டுவந்த என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பெயர் வந்தது, இங்கிலாந்தின் ரெடிச் ஊர்க் கம்பெனி என்ஃபீல்டு ஊரிலிருந்த அரசு ஆயுத ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்ததால். அதே ஆலையின் பெயரைத் தாங்கியதுதான் 1857 சிப்பாய்க் கலகத்துக்கு ஒரு காரணமான தோட்டாக்களின் துப்பாக்கி. 1853 மாதிரியான அதன் குழல் 14.7 மி.மீ., உள்ளே மூன்று திருகு வரிகள். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான குழலைத் தாண்டுவதற்குள் குண்டு அரைச் சுற்றுச் சுற்றிவிடும். அந்தச் சுழற்சிதான் குறியைக் காக்கும்.

கலகம் அடங்கியதும், இந்தியச் சிப்பாயின் கையில் அவ்வளவு குறி தவறாத ஆயுதம் இருக்கக் கூடாது என்று ஆட்சி முடிவு செய்தது. வெளித்தோற்றம் அப்படியே இருக்க, வரிகளைக் கடைந்து எடுத்தார்கள். 1858 மாதிரி பிறந்தது. குழல் 16.7 மி.மீ., உள்ளே வழவழப்பு. தூரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் குறிப்பலகை போய் அசையாத ஒன்று வந்தது. முத்திரையை எவரும் தேய்த்துவிடலாம், புதிதாகக் குத்தவும் செய்யலாம். கடைந்தெடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. மரக்கூம்பில் 14.7-க்கும் 16.7-க்கும் நடுவே உள்ள இரண்டு மில்லிமீட்டரில் ஒரு சாம்ராஜ்யத்தின் பயத்தை அளந்துவிட முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. கிடைத்த குழாயில் உள்ளூர்க் கொல்லர் செய்த நாட்டுத் துப்பாக்கி எந்த அட்டவணைக்கும் அடங்காது. கெட்டிக்கும் கம்பி பல ஆண்டுகள் உரசி வாயை நீள்வட்டமாக்கியிருக்கலாம். வட்டமான கூம்பு குறுகிய பக்கத்தில்தான் முட்டும் என்பதால் அப்போது கிடைப்பது சின்ன எண். அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. அளவும் போகும், தடயமும் போகும். அளவு கிடைத்த பிறகு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பாருங்கள். தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் பல அங்கே இருக்கின்றன.