தூங்கும் குமிழத்திற்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்!

வீட்டு வெங்காயக் கூடையை எட்டிப் பாருங்கள். மண்ணும் நீரும் இல்லாமலே ஒன்றிரண்டு வெங்காயங்கள் பச்சை முளை விட்டிருக்கும். அவற்றுக்கு உணவு ஏது? ஒரு வெங்காயத்தை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். அடியில் தட்டுப் போன்ற சிறு தண்டு, அதன்மேல் அடுக்கடுக்காகச் சதைப்பற்றான செதில் இலைகள், நடுவில் மொட்டு. உணவும் நீரும் அந்தச் செதில்களில்தான் சேமிக்கப்பட்டுள்ளன. இத்தகைய அமைப்பைக் குமிழம் என்பார்கள்.

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதி குமிழச் செடிகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையில் மண் காய்ந்து கிடக்கும். ஆகவே அங்குள்ள பல செடிகள் குளிர்காலத்தில் வளர்ந்து பூத்து, கோடையில் மண்ணுக்குள் உறங்குகின்றன. அவற்றுள் ஒன்று லாஷனேலியா. சுவிட்சர்லாந்துத் தாவரவியலறிஞர் வெர்னர் டி லாஷனால் நினைவாக இப்பெயர் வந்தது. இதில் 130க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆப்பிரிகான்ஸ் மொழியில் இதன் பெயருக்குச் 'சிறு வயலின்' என்று பொருள். பூந்தண்டுகளை ஒன்றோடொன்று உரசினால் கீச்சென்று ஒலிக்குமாம்!

இதை இங்கிலாந்தில் வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கிறார்கள். வெளியே வைத்தால் உறைபனி கொன்றுவிடும். ஆனால் ஜூன் மாதம் கேப்பில் குளிர்காலம்; இங்கிலாந்தில் கோடை. குமிழம் குழம்பிப் போகாதா? போகாது. அது நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் பார்க்கிறது. புதிய ஊரின் பருவத்துக்குப் பழகியபின், செப்டம்பரில் நீர் ஊற்றினால் முளைத்து, குளிர்காலத்திலோ அது முடியும் தறுவாயிலோ பூக்கும். வெயில் படும் குளிர்ந்த சன்னலோரம் அதற்கு ஏற்றது. கணப்பால் சூடேறிய அறையில் இலைகள் நீண்டு துவண்டுவிடும்.

பூத்து முடிந்தபின் வருகிறது சோதனை. இலைகள் மஞ்சளாகும். "ஐயோ, வாடுகிறதே!" என்று மேலும் நீர் ஊற்றுவோம் அல்லவா? அதுதான் தவறு. வேர்கள் ஓய்ந்துவிட்டதால் நீர் உறிஞ்சப்படாது. ஈர மண்ணில் காற்றோட்டம் குறையும். பூஞ்சைகள் பெருகிக் குமிழம் அழுகிவிடும். நீரை நிறுத்தி, இலைகள் தாமே காயும்வரை விட்டுவிட வேண்டும். காயும் இலைகள் தம் உணவைக் குமிழத்துக்கு அனுப்புகின்றன. பிறகு தொட்டியில் வெறும் மண்தான் தெரியும். ஆனால் உள்ளே அடுத்த ஆண்டின் பூங்கொத்து உருவாகிக்கொண்டிருக்கும்!

நீலப்பச்சை நிறப் பூக்கள் கொண்ட ஓர் இனம் கேப்பின் மேற்குக் கடலோரத்தில் சிறிய பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. அங்கே அது அழியும் ஆபத்தில் உள்ளது. காட்டிலிருந்து குமிழங்களைத் தோண்டினால் அழிவு விரைவாகும். விதையிலிருந்து வளர்த்தால் காட்டுக்குச் சேதமில்லை. அப்படி விதையிட்டு வளர்த்த செடியும் கோடையில் உறங்கும்போது, "செத்துவிட்டது" என்று தவறாக எண்ணிக் குப்பையில் எறியப்படலாம்.

நம் செங்காந்தளும் இப்படித்தான். அதற்கு இருப்பது குமிழமன்று, கிழங்கு. மேற்பகுதி காய்ந்தபின் கிழங்கு மண்ணுக்குள் காத்திருந்து, மழைக்குப் பின் முளைக்கிறது. கிழங்கு கடும் நச்சுடையது, தொட வேண்டாம். வெறுமையாகத் தெரியும் தொட்டியைக் கவிழ்ப்பதற்கு முன், அதில் இருப்பது செத்த செடியா, உறங்கும் செடியா என்று ஒரு கணம் யோசியுங்கள்.