ஒரு ரேக், ஏழு பேர்

திங்கட்கிழமை மாலை ஏழு மணி. தமிழ்நாட்டில் எந்த ஊர் ஜிம்முக்குள் நுழைந்தாலும் அன்றைக்குப் பாதிப் பேர் 'செஸ்ட்' அடிக்கத்தான் வந்திருப்பார்கள். மளிகைக் கடைக்கோ மருந்துக் கடைக்கோ மேலே, முதல் மாடியில், ஆயிரம் சதுர அடிக்குள் அடங்கிவிடும் கூடம். ஓரமாக இரண்டு டிரெட்மில். சுவரை ஒட்டி டம்பெல் ஸ்டாண்டு. நடுவில் ஒரு ஃப்ளாட் பெஞ்ச், ஒரு இன்க்ளைன் பெஞ்ச். மூலையில் ஒரே ஒரு ஸ்குவாட் ரேக். ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவே வந்து போகிற அத்தனை பேருக்கும் இவ்வளவுதான்.

இந்த நெரிசலில் சண்டை வருவது அபூர்வம். சண்டையைவிட மோசமான ஒன்று தினமும் நடக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் செல்போனில் எதையோ தள்ளிக்கொண்டிருப்பார். பையன் கொஞ்ச நேரம் தண்ணீர் குடிப்பான், கண்ணாடியைப் பார்ப்பான், தோளைச் சுழற்றுவான். கடைசியில் வாயைத் திறக்காமலேயே டம்பெல் பக்கம் போய்விடுவான். அன்றைக்கு அவனுக்கு பெஞ்ச் பிரஸ் கிடையாது. இப்படியே நாலு வாரம் போனால் ஜிம்முக்கு வருவதையே நிறுத்திவிடுவான். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டிய பணம் போனது போனதுதான். 'சோம்பேறி, பாதியிலேயே விட்டுட்டான்' என்று வீட்டில் பேச்சும் வாங்குவான்.

அவனுக்கு இடம் இல்லாமல் போகவில்லை. இருந்த இடம் அவன் கண்ணெதிரே சும்மா கிடந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு ரெப்ஸ் கொண்ட ஒரு செட்டுக்கு ஏறக்குறைய 40 விநாடி ஆகும். செட்டுக்கும் செட்டுக்கும் இடையில் 2 நிமிட ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து செட் முடிக்க 11 நிமிடம் 20 விநாடி. அதில் பார் கையில் இருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து 3 நிமிடம் 20 விநாடிதான். மீதி 8 நிமிடம் யாரும் தொடாமல் தாங்கியின் மேல் கிடக்கிறது.

ஓய்வு தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. கனமான எடையைத் தூக்கும்போது முதல் சில விநாடிகளுக்குத் தசை நம்பியிருப்பது தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டை. முழு மூச்சாகப் பத்து விநாடி உழைத்தால் அது பெருமளவு தீர்ந்துவிடும். மறுபடியும் சேர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். வலுவைக் கூட்டுவதற்காகப் பயிற்சி செய்பவர்கள் ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்றவற்றில் ஐந்து நிமிடம்கூட உட்காருவார்கள். தாராளமாக உட்காரட்டும். ஆனால் ஓய்வு உடம்புக்குத்தான் வேண்டும், பெஞ்சுக்கு வேண்டியதில்லை. எழுந்து இரண்டடி தள்ளி நின்றாலும் அதே ஓய்வுதான் கிடைக்கும்.

ஆகவே என் கட்சி இது. செட் நடக்கும் அந்த 40 விநாடிக்கு பார் முழுக்க முழுக்க உங்களுடையது. அப்போது யாரும் கிட்டே வரக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது. பாரைத் தாங்கியில் வைத்த பிறகு அது கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பதுபோல் பெஞ்சில் டவலையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் கேபிள் மெஷினில் இன்னொரு பயிற்சி செய்வதற்கு நெரிசல் நேரத்தில் யாருக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்கிற பொறுப்பை நிற்பவன் தலையில் கட்டிவிடுவதுதான் நம் ஜிம்களின் வழக்கம். 'வேணும்னா கேக்க வேண்டியதுதானே' என்கிறார்கள். கேட்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி சுலபமாக இருப்பதில்லை. நாற்பது வயதில், அகன்ற தோளோடு, காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு, முகத்தை இறுக்கமாக வைத்திருப்பவரிடம் போய்ப் பேச பதினெட்டு வயதுக்காரனுக்கு வாய் வராது. பழைய ஆள், பலம் உள்ள ஆள், ஏற்கெனவே இடத்தில் இருக்கிற ஆள்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடத் தெரிந்தவர்கள் எல்லா ஜிம்மிலும் ஒருவராவது இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது இப்படி இருக்கும்:

"என்ன தம்பி, பெஞ்சா?"

"ஆமாண்ணா. நீங்க முடிச்சிட்டு…"

"எனக்கு இன்னும் மூணு செட் இருக்கு. நடுவுல நீயும் போட்டுக்க. எவ்ளோ போடுவ?"

"ரெண்டு பக்கமும் பத்துண்ணா."

இதற்கு அடுத்து நடப்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அண்ணன் தூக்குவது 80 கிலோ. பார் 20 கிலோ என்றால் பக்கத்துக்கு 30, அதாவது ஒரு 20, ஒரு 10. வழக்கமாகப் பெரிய பிளேட்டை உள்ளே தள்ளி, சிறியதை வெளியே மாட்டுவோம். அப்படி மாட்டினால் தம்பியின் முறை வரும்போது இரண்டையும் உருவி, பத்தை மட்டும் திரும்ப மாட்ட வேண்டும். விஷயம் தெரிந்தவர் முதலிலேயே பத்தை உள்ளே, இருபதை வெளியே என்று மாற்றிப் போட்டுவிடுவார். தம்பியின் முறைக்கு வெளியே இருக்கும் இருபதை மட்டும் இழுத்தால் போதும், பாரில் 40 கிலோ தயார். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று ஒரே நேரத்தில் உருவினால் பத்துப் பன்னிரண்டு விநாடியில் வேலை முடிந்துவிடும். ஒருவரே இரண்டு பக்கமும் மாற்றுவதாக இருந்தால், கனமான பாரில் ஒரு பக்கத்தை மட்டும் முழுதாகக் காலி செய்யக்கூடாது. மறுபக்க எடை இழுத்து பார் கவிழ்ந்துவிடும். கவிழும் பாரின் வெறும் முனை யார் முகத்தில் வேண்டுமானாலும் அடிக்கும்.

எத்தனை பேர் வரை இப்படி மாற்றி மாற்றிப் போடலாம்? மூன்று பேர் என்றால் மற்ற இருவரின் செட்டும் பிளேட் மாற்றும் நேரமும் சேர்ந்து இரண்டு நிமிடத்துக்குச் சற்றே குறைவாக வரும். தேவையான ஓய்வு கிட்டத்தட்ட அதேதான். நாலாவது ஆள் சேர்ந்தால் மூன்று நிமிடத்தை நெருங்கிவிடும். கனமான ஸ்குவாட்டுக்கு அதுவும் பரவாயில்லை, பெஞ்சுக்கு உடம்பு ஆறத் தொடங்கிவிடும். நாலாவதாக வருபவரிடம் 'பத்து நிமிஷம் பொறுங்க, இவர் முடிச்சிடுவார்' என்று சொல்லிவிடுவது நியாயம்.

பளு தூக்கும் போட்டியைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே மேடை ஒன்று, பார் ஒன்று. ஒரு பிரிவில் எத்தனை வீரர்கள் இருந்தாலும் அந்த ஒன்றைத்தான் முறை வைத்துத் தூக்குகிறார்கள். குறைந்த எடை கேட்டவர் முதலில் வருவார். ஸ்னாட்ச்சிலோ கிளீன் அண்ட் ஜெர்க்கிலோ பாரில் ஏறிய எடை பிறகு இறங்குவதில்லை. பெயர் கூப்பிட்டதும் 1 நிமிடம். அடுத்த முறையும் அதே வீரருடையதாக இருந்தால் மட்டும் 2 நிமிடம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் ஸ்னாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். வெள்ளி வாங்கியவர் இன்னொரு இந்தியர், ஒடிசாவின் ரவி கட்டுலு. தங்கத்துக்குப் போட்டியிட்ட இருவரும் தூக்கியது அதே மேடையில், அதே பாரைத்தான். ஜிம்மிலும் இந்த முறையைக் கடைப்பிடிக்கலாம். மூன்று பேர் சேர்ந்து ஆரம்பித்தால் குறைந்த எடைக்காரர் முதலில், அதிக எடைக்காரர் கடைசியில் என்று வரிசை வைத்துக்கொண்டால் ஒரு சுற்றில் பிளேட் மாட்டிக்கொண்டே போகலாம். கழற்றுவது சுற்றின் கடைசியில் ஒரே ஒரு தடவைதான்.

தென் மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்கியவர்களும் ஒரே கல்லைச் சுற்றி நின்று முறை வைத்துத்தான் தூக்கினார்கள். ஆளுக்கொரு கல் கேட்டவர் யாரும் இல்லை.

சேர்ந்து போடுவதில் இன்னொரு லாபம், ஸ்பாட் நிற்க ஆள் கிடைப்பது. பெஞ்ச் பிரஸ்ஸில் பார் நெஞ்சில் மாட்டிக்கொள்வது விளையாட்டுக் காரியம் அல்ல. கழுத்துப் பக்கம் உருண்டால் உயிருக்கே ஆபத்து. முறைக்காகக் காத்திருப்பவர் தலைமாட்டில் நின்றால் போதும். நிற்பதற்கு முன் 'எத்தனை ரெப்ஸ்? நானா கை வைக்கணுமா, நீங்க சொன்னா வைக்கணுமா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காமல் முதல் ரெப்பிலிருந்தே பாரைப் பிடித்துத் தூக்கிவிடுபவர்கள் அதிகம். தூக்கியவருக்குத் தன் பலம் என்னவென்றே தெரியாமல் போய்விடும்.

பெண்கள் விஷயத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல ஊர்களில் பெண்களுக்கென்று காலை பத்து மணிக்கு மேல் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிற பெண் அந்த நேரத்தில் எப்படி வருவார்? மாலை நெரிசலில்தான் வந்தாக வேண்டும். அங்கே அவர் ரேக்கில் நின்றால் ஒவ்வொரு செட்டுக்கும் யாராவது வந்து 'முடிச்சிட்டீங்களா?' என்று கேட்கிறார்கள். அதே இடத்தில் ஓர் ஆண் இருபது நிமிடம் நின்றாலும் அந்தக் கேள்வி வருவதில்லை. சேர்ந்து போடலாமா என்று கேட்பது வேறு, இடத்தைக் காலி செய் என்று நெருக்குவது வேறு. அவர் கேட்காமல் பிளேட்டைக் கழற்றிக் கொடுப்பதும், 'முட்டியை இப்படி வைங்க' என்று பாடம் நடத்துவதும் உதவி ஆகாது. உண்மையில் உதவ நினைப்பவர் தன் செட் முடிந்ததும் பாரை வெறுமையாக்கிவிட்டுப் போகட்டும். லெக் பிரஸ்ஸில் பக்கத்துக்கு ஐந்து இருபது கிலோ பிளேட்டை அப்படியே விட்டுப் போகிறார்கள். அடுத்து வரும் ஐம்பது கிலோ எடையுள்ள பெண் தன் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே 200 கிலோவை இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது. முதுகுவலிக்காக மருத்துவர் சொல்லி ஜிம்முக்கு வந்திருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் இதே கதிதான்.

துடைப்பதும் பகிர்வதில் சேர்த்தி. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு செட் முடிந்தாலே பெஞ்சில் முதுகு அச்சு பதிந்துவிடும். படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்று ஈரமான இடத்தில் தோலோடு தோல் பட்டு மட்டும் அல்ல, பலர் புழங்கும் பரப்புகள் வழியாகவும் ஒட்டும். ஆளுக்கொரு சிறிய டவல், எழுந்ததும் ஒரு துடைப்பு. இதில் சலுகை கிடையாது.

சேர்ந்து போட முடியாத நேரங்களும் உண்டு. ஒருவர் 180 கிலோ டெட்லிஃப்ட் செய்ய, இன்னொருவர் 50 கிலோவில் பழகிக்கொண்டிருந்தால் பிளேட் மாற்றுவதிலேயே இருவரின் பயிற்சியும் கெடும். உயரம் வெகுவாக வித்தியாசப்பட்டால் ரேக்கின் கொக்கியையும் பாதுகாப்புக் கம்பியையும் ஒவ்வொரு தடவையும் ஏற்றி இறக்க வேண்டும். அவசரத்தில் அந்தக் கம்பி சரியாக மாட்டாமல் போனால் விபத்து. போட்டிக்குத் தயாராகிறவர் தன் உச்ச எடையை ஒரே ரெப்பில் முயலும் நாளில் அவரைத் தனியே விடுவதுதான் சரி. இப்படிப்பட்டவர் மறுத்தால் கேட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மறுப்பவர் 'இருக்கு' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், 'ரெண்டு செட் இருக்கு, எட்டு நிமிஷம் ஆகும், முடிச்சதும் கூப்பிடுறேன்' என்று கணக்கைச் சொல்ல வேண்டும். சொன்னபடி கூப்பிடவும் வேண்டும். அந்த எட்டு நிமிடத்தில் காத்திருப்பவர் புஷ்-அப்போ டம்பெல் ரோவோ முடித்துவிடலாம்.

கேட்பதிலும் முறை இருக்கிறது. இயர்ஃபோன் மாட்டியிருப்பவரின் முதுகைத் தட்டாமல், எதிரே வந்து கண்ணில் படும்படி நின்று, அவர் மூச்சு வாங்கி முடித்த பிறகு கேளுங்கள். ஸ்குவாட் நடக்கும்போது அவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழையாதீர்கள். அவர் பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தித்தான் சமநிலையைக் காக்கிறார்.

இனி ஜிம் நடத்துபவர்களிடம். மூன்றாவது டிரெட்மில் வாங்க வைத்திருக்கும் பணத்தில் இன்னொரு பெஞ்சும், கூடுதலாக நாலு ஜோடி 5 கிலோ, 10 கிலோ பிளேட்டும் வாங்குங்கள். மாலையில் வரிசை கட்டுவது அங்கேதான். 'ஒருவருக்கு இருபது நிமிடம்' என்று சில இடங்களில் பலகை மாட்டுகிறார்கள். அது கடிகாரத்தைப் பார்த்துச் சண்டை போடத்தான் உதவும். 'ஆறு முதல் ஒன்பது வரை, கேட்டால் சேர்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதினால் அதிகம் பயன்படும். ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தனிக் கட்டணம் வாங்கிப் பயிற்சி கொடுக்கும் டிரெய்னர்கள் தங்கள் ஆளுக்காக ரேக்கையும் பெஞ்சையும் கேபிளையும் ஒரே நேரத்தில் பிடித்துவைத்துக்கொண்டு, கேட்பவர்களை 'கிளையன்ட் இருக்கார்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். மாதச் சந்தா கட்டியவரும் கிளையன்ட்தான். உரிமையாளர் முதலில் தன் டிரெய்னர்களை உட்காரவைத்து இதைப் பேசி முடித்துவிட்டு, அதன்பிறகு பலகையை மாட்டட்டும்.