மழைக்காலத்து நத்தார்

மார்கழி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இல்லங்கள் சிலவற்றிலே ஒரு விந்தையைக் காணலாம். சவுக்குக் கிளையொன்றை வெட்டிவந்து நாட்டி, பஞ்சைப் பிய்த்து அதன்மீது ஒட்டி, உறைபனி பெய்துவிட்டதாக மகிழ்வார்கள். நம்மூரிற் பனி என்பது விடியற்காலையிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியேயன்றி வேறன்று. ஆயினும் பஞ்சில்லாத நத்தார் மரம் பிள்ளைகளுக்கு நிறைவளிப்பதில்லை.

மெய்யாகவே உறைபனி நாட்டிலிருந்து இங்கு வந்தவர்கள் இப்பண்டிகையை எவ்வாறு கழித்திருப்பர்? 1815 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து பாய்க்கப்பலொன்று புறப்பட்டது. பூவர், வாரன், றிச்சட்ஸ், மெயிக்ஸ் என்னும் மிசனரிமார் அதில் இருந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 25 ஆம் திகதி அவர்களுக்கு நடுக்கடலிலே கழிந்தது. 1816 மார்ச்சிற் கொழும்பை அடைந்து, பின்னர் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பழைய கட்டடங்களே அவர்களுக்கு வாய்த்தன.

சொந்த ஊர் நத்தாரை நினைந்து அவர்கள் ஏங்கியிருப்பார்கள் என்றே நாம் எண்ணுவோம். ஆனால், ஏங்குதற்கு அவர்கள் ஊரில் நத்தாரே இருக்கவில்லை! அந்நாட்டை நிறுவிய பியூரித்தன் சமயத்தினர், இயேசு பிறந்த நாள் இன்னதென வேதாகமத்திற் கூறப்படவில்லை என்றும், கொண்டாட்டம் மனிதர் கட்டிய வழக்கமே என்றும் கொண்டவர்கள். 1659 இல் மசச்சூசெற்ஸ் குடியேற்றம் நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதித்துச் சட்டம் இயற்றியது. 1681 இல் அச்சட்டம் நீக்கப்பட்டும் மனப்பான்மை நீங்கவில்லை. அந்நாள் அங்கே பொது விடுமுறையானது 1856 இலேதான். அதற்கு முந்திய ஆண்டிலே, மானிப்பாயில் வாந்திபேதிக்கு இரையாகிக் கண்மூடினார் டானியல் பூவர்.

அவருடன் வந்தவர்களுள் வாரன் 1818 இலும் றிச்சட்ஸ் 1822 இலும் மாண்டனர். பூவரின் முதல் மனைவி சூசன் 1821 இலேயே மறைந்தார். குளிர் நாட்டுடலோடு வந்தவர்கள் நமது பங்குனி, சித்திரை வெயிலுக்கும் நோய்களுக்கும் கொடுத்த விலை பெரிது. அவர்களுடைய சமயப் பிரசாரத்தை ஏற்காத என்போன்ற சைவர்களும் இதை மறுத்தல் கூடாது.

அப்படியாயின் இக்குடாநாட்டுக்கு இப்பண்டிகையைத் தந்தவர் யார்? விடை அதன் பெயரிலேயே இருக்கிறது. தமிழகத்தார் கிறிஸ்துமஸ் என்பதை நாம் நத்தார் என்கிறோம். பிறப்பு என்னும் பொருளுடைய ‘நத்தால்’ என்ற போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658 இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருமாரைத் துரத்தினர். 1687 இற் கோவையைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகள், இந்தியாவின் மேற்குக் கரையிலுள்ள அந்தக் கோவையைத்தான் சொல்கிறேன், ஏழை வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, இரவு வேளைகளில் மறைவாகப் பூசை நடத்தினார். ஆட்சி போயிற்று, கோயில் போயிற்று. சொல்மட்டும் மக்கள் வாயில் நின்றுவிட்டது.

இனிக் காலநிலையைப் பார்ப்போம். வெப்ப நாட்டு நத்தார் என்றதும் மேனாட்டார் வெயிலையும் கடற்கரையையும் நினைப்பார்கள். அவுஸ்திரேலியாவுக்கு அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது. நமது மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. டிசம்பரிற் கிணறுகள் நிறைந்திருக்கும். வயலிலே நெல் பசுமையாக நிற்கும். விடியலிற் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் ஒலித்துச் செல்வோர் ஈர மணலில் நடப்பார்கள். பெத்லகேம் ஊரிலும் அம்மாதம் மழைக்காலமே. அங்கு உறைபனி அருமையாகத்தான் விழும். ஆகவே பொஸ்டன் நகரத்து நத்தாரைவிட நம்மூர் மழை நத்தாரே அந்த மாட்டுத் தொழுவத்துக்குக் கிட்டியது என்பேன். வாழ்த்து அட்டைகளில் நாம் காணும் வெண்பனி பெரும்பாலும் இங்கிலாந்தின் சரக்கு. டிக்கன்ஸ் தமது நத்தார்க் கதையை வெளியிட்டதும், விற்பனைக்கான முதல் வாழ்த்து அட்டை அச்சானதும் அங்கே 1843 ஆம் ஆண்டிலேதான்.

இக்கதையின் மறுபக்கம் இப்பொழுது நம்மவர் வீடுகளில் நடக்கிறது. 1983 க்குப் பின் பெருந்தொகையாகக் கனடா சென்றவர்கள், தைப்பொங்கலை அந்நாட்டின் கடுங்குளிர் மாதத்திற் கொண்டாடுகிறார்கள். முற்றத்தில் முழங்கால் அளவுக்கு உறைபனி, அடுப்போ வீட்டுக்குள்ளே, புகை சற்று எழுந்தால் அபாயமணி அலறும். சூரியனுக்கென்று வைக்கும் படையலை யன்னலோரத்தில் வைக்கிறார்கள். அந்த சனவரி மாதத்தையே தமிழ் மரபுத் திங்களாக 2016 இற் கனடா நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது.

அவர்களிற் சிலர் டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார்கள். மார்கழிக் குளிரென்று நாம் தலையிலே துவாயைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் புறப்படும் அதே விடியலில், வியர்க்கிறதென்று அவர்களுடைய பிள்ளைகள் மின்விசிறியைத் தேடுகிறார்கள்.