புதிதாகப் பூட்டிய எஞ்சினைப் பழக்குதல்

நாம்பனை முதன்முதலில் வண்டிலிற் பூட்டுகிற கமக்காரன் பத்து மூடை நெல்லை ஏற்றி அதை மேட்டில் ஓட்டமாட்டான். மாட்டுக்கு நோகுமென்று மாதக்கணக்காகப் பட்டியிலே கட்டி வைக்கவும் மாட்டான். கழற்றிப் பூட்டிய எஞ்சினும் அப்படியே. முதலாவது தவறை எல்லோரும் அறிவோம். இரண்டாவதைத் தவறென்றே பலர் எண்ணுவதில்லை. நானும் எண்ணியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பங்கைச் சேர்ந்த ஒருவர், வாடகைக்கு ஓடிய தமது மொறிஸ் ஒக்ஸ்போர்ட் காரின் எஞ்சினைக் கடன் எடுத்துத் திருத்தினார். சிலிண்டர்களைப் போர் பண்ணி, புதிய பிஸ்டன்களும் றிங்குகளும் போடப்பட்டன. “பாதர், இதை இனி எப்படி ஓடவேணும்?” என்று கேட்டார். “கொஞ்ச நாளைக்கு றோட்டில இறக்காதேங்கோ, வளவுக்குள்ள ஸ்ராட் பண்ணி விட்டு இளக விடுங்கோ” என்று சொன்னவன் நான்தான். அவரும் இரண்டு கிழமை காலையும் மாலையும் அப்படியே செய்தார். மூன்றாம் மாதத்தில் சைலன்சரால் நீலப்புகை வந்தது. ஓயில் குறைந்துகொண்டே போனது. கடன் தவணையோ குறையவில்லை.

நடந்தது என்னவென்று ஹெட்டைக் கழற்றிய திருத்துநர் எனக்கு விளக்கினார். போர் பண்ணிய சிலிண்டரின் உட்சுவர் வழவழப்பாக இருப்பதில்லை. ஹோன் பண்ணும்போது, பன்பாயின் இழைபோல ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே இடுகிறார்கள். அக்கீறல்களில் ஓயில் தங்கும். அவற்றின் கூரான முனைகளும் றிங்கின் விளிம்பும் ஒன்றையொன்று தேய்த்து இணங்கினால்தான் இடைவெளி அடைபடும். றிங்குக்குத் தன்னளவில் உள்ள விறைப்பு இதற்குப் போதாது. எரியும் வாயுவின் அழுத்தம் றிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு தள்ளவேண்டும். சுமையில்லாமல் மெல்ல இயங்கும் எஞ்சினில் அந்த அழுத்தம் கிடைப்பதில்லை. றிங்கைத் தாண்டி மேலே வரும் ஓயில் கருகிச் சுவரில் கண்ணாடிபோலப் படிகிறது, கீறல்கள் மூடிக்கொள்கின்றன. அதன்பின் எத்தனை மைல் ஓடினாலும் றிங் இணங்காது. திரும்பவும் ஹோன் பண்ணிப் புதிய றிங் போடவேண்டும். அவர் அதைத்தான் செய்தார், இன்னொரு கடனோடு.

ஆகவே, ஸ்ராட் பண்ணுவதற்கு முன்பே வேலை தொடங்குகிறது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஓயில் அழுத்தம் வரும்வரை எஞ்சினைச் சுற்றவேண்டும். காய்ந்த பெயாறிங்கோடு முதற் சுற்று ஓடினால் அதன் காயம் ஆறாது. ஸ்ராட் ஆனவுடன் மெல்ல இயங்க விடாமல், நிமிடத்துக்கு 2000 சுற்றளவில் சற்றே ஏற்றியும் இறக்கியும் 20 நிமிடம் வைத்திருக்கவேண்டும். புதிய காம்சாப்ற், ரப்பெற்றுகள் போட்ட எஞ்சினுக்கு இது மிக அவசியம். மெதுவாகச் சுற்றும்போது அவற்றின்மீது தெறிக்கும் ஓயில் போதாது. அந்நேரத்தில் றேடியேற்றரையும் ஒழுக்குகளையும் கவனிக்க ஒருவர் அருகில் நிற்கட்டும். றேடியேற்றருக்கு மழைநீரே நல்லது. எமது கிணற்று நீர் கேத்தலில் விடுகிற வெள்ளைப் படிவை எஞ்சினுக்குள்ளும் விடும்.

பின் தாமதிக்காமல் வீதிக்குக் கொண்டுபோகவேண்டும். மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடைப்பட்ட ஏ-9 வீதி இதற்கு உகந்தது. எஞ்சின் சூடானபின், மூன்றாம் கியரில் மணிக்கு 40 கிலோமீற்றரிலிருந்து 60 வரை அரைவாசி மிதியோடு ஏறி, காலை முற்றாக எடுத்து, கியரிலேயே வேகம் குறைய விடவேண்டும். ஏறும்போது றிங் சுவரோடு அழுந்துகிறது. காலை எடுத்தபின் சிலிண்டருக்குள் உண்டாகும் உறிஞ்சலால் ஓயில் மேலே வந்து அதைக் குளிர்விக்கிறது. பத்துப் பன்னிரண்டு முறை இப்படிச் செய்தபின் வாகனத்தை ஆறவிட வேண்டும். முதல் 800 கிலோமீற்றர் வரை 70க்கு மேல் போகாமலும், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடாமலும், உயர்ந்த கியரில் திணறவிடாமலும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் ஓடுபவர்கள் எயார் கிளீனர் இல்லாமல் புது எஞ்சினை ஓட்டவே கூடாது. அந்தத் தூசியும் ஓயிலும் சேர்ந்தால் அரைக்கும் பசைதான்.

இங்கே மண்ணெண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. 1990இல் பெற்றோல் தடைசெய்யப்பட்டதிலிருந்து 2002இல் பொருளாதாரத் தடை நீங்கும்வரை எமது கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பெரும்பாலும் அதில்தான் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாறுவதைச் சிறுவராயிருந்த நாம் வேடிக்கை பார்த்தோம். இங்கிலாந்தின் பேகசன் கம்பனி 1949இல் வெளியிட்ட டீஈ-டீ20 உழவு இயந்திரமும் பெற்றோலில் ஸ்ராட் ஆகி, மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய ஓர் எரிபொருளுக்கு மாறியதுதான். ஆனால் அதன் எஞ்சின் அதற்கென்றே குறைந்த அமுக்கத்தோடு அமைக்கப்பட்டது. எமது கார்கள் அப்படியல்ல. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஓயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, சம்பிலுள்ள ஓயிலையும் நீர்க்கச் செய்தது. தடைக்காலத்தில் எஞ்சின்கள் விரைவாகத் தேய்ந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். 2022 எரிபொருள் நெருக்கடியில் அந்தப் பழைய வித்தையைச் சிலர் மீண்டும் நினைவுபடுத்தினார்கள். புது றிங் போட்ட எஞ்சினில் அதை முயலவேண்டாம்.

ரியூனிங் செய்வதற்கும் ஒழுங்குண்டு: முதலில் ரப்பெற், பின் பொயின்ற், பின் ரைமிங், கடைசியில்தான் காபரேற்றர். ஒக்ஸ்போர்ட் எஞ்சினின் ரப்பெற் இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. மொறிஸ் மைனருக்கு 12. பொயின்ற் இரண்டுக்கும் 15, பிளக் 25. ரைமிங் அளவுக்கு மீறி முந்தினால் எஞ்சின் தட்டும், பிஸ்டனும் றிங்கும் உடையக்கூடும்; பிந்தினால் சூடேறும். எஸ்யூ காபரேற்றரில், நன்கு சூடான எஞ்சின் மெல்ல ஓடும்போது அதன் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். ஜெற் நட்டைச் சிறிது மேலே திருகவேண்டும். எஞ்சின் நிற்கப் பார்த்தால் பெற்றோல் குறைவு. நட்டைக் கீழே இறக்கவேண்டும். ஒரு கணம் சற்றே கூடிப் பழைய வேகத்துக்கு வந்தால் சரி. ஒருநாள் ஓடியபின் பிளக்கைக் கழற்றுங்கள். முனை பிஸ்கற் நிறமாக இருக்கவேண்டும். கரிபிடித்த பிளக் காசு வீணாவதைக் காட்டும். வெளுத்த பிளக்கோடு ஒரு மைலும் ஓடக்கூடாது. அது பிஸ்டனையே உருக்கிவிடும்.

800 கிலோமீற்றரில் ஓயிலையும் பில்டரையும் மாற்றி, ஹெட் நட்டுகளையும் ரப்பெற்றுகளையும் மறுபடி பார்க்கவேண்டும். முதல் ஓயிலில் உலோகத்தூள் மினுங்கும், பயப்படத் தேவையில்லை. துண்டுகளாக வந்தால் திருத்துநரிடம் காட்டுங்கள். இக்காலத்துக்குச் சாதாரண மினரல் ஓயிலே போதும். விலைகூடிய சிந்தெற்றிக் ஓயில் அளவுக்கு மீறி வழுக்குவதால் றிங் இணங்கத் தாமதமாகலாம்.

எமது நண்பரின் ஒக்ஸ்போர்ட் இரண்டாம் முறை பூட்டப்பட்டு 300 கிலோமீற்றர்தான் ஓடியிருந்தது; மடு மாதாவின் ஆவணித் திருவிழா வந்துவிட்டது. ஏழுபேரும் சமையற் பாத்திரங்களுமாக ஒரு வாடகை கேட்டார்கள். அந்தக் காசு ஒரு தவணைக்குக் காணும். அவர் மறுத்துவிட்டு, மனைவியையும் தாயையும் மட்டும் ஏற்றிக்கொண்டு வவுனியா வழியாகப் போய்வந்தார். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓயில் கம்பியைப் பார்த்துப் பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதி வைக்கிறார். புகை இல்லை. இரண்டாவது கடனில் நான்கு தவணை மிச்சம்.