எழுபது வளைவுகளில் எஞ்சிய மூன்று

காரவள்ளியில் சமவெளி முடிகிறது. கொல்லிமலையின் முதல் கொண்டை ஊசி வளைவு தொடங்குகிறது. மேலே செல்ல மொத்தம் 70 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. மலைமேல் உள்ள சோளக்காட்டில் இறங்கி நின்று எண்ணிப் பார்த்தால் எத்தனை வளைவுகள் நினைவில் தங்கியிருக்கும்? எனக்கு மூன்று. அவற்றுள் ஒன்றில் எங்கள் பேருந்து நின்றது. அக்காவுக்குக் குமட்டல். முன்னிருக்கையில் இருந்த மூதாட்டி மடியிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி, மோந்து பார்க்கக் கொடுத்தார். அது 40ஆம் வளைவு என்பேன் நான். 27 என்பாள் அக்கா. இந்த வழக்கு இன்றுவரை முடிந்தபாடில்லை.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதை எப்போது, யாரிடம் கேட்டறிந்தேன் என்று சொல்ல இயலாது. எலுமிச்சையின் கதை அப்படியன்று. அதில் இடம் உண்டு, பொழுது உண்டு, நானும் இருக்கிறேன். இவ்வகை நினைவைப் பொது அறிவினின்று பிரித்து, நிகழ்வு நினைவு என 1972இல் தனியே வகுத்தவர் எண்டல் டல்விங்.

அந்நினைவு உருவாகும் இடம் எது என்பதை ஓர் அவலமே உலகுக்குக் காட்டியது. கடும் வலிப்பால் துன்புற்ற ஹென்றி மொலேசன் என்னும் 27 அகவை இளைஞருக்கு, 1953இல் மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸின் கணிசமான பகுதியை அகற்றினர். கடற்குதிரையை ஒத்த வடிவால் பெயர் பெற்ற உறுப்பு அது. அதன்பின் அவர் மனத்தில் புதிய நாள் எதுவும் தங்கவில்லை. அவரைப் பல்லாண்டு ஆய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதியவராகவே இருந்தார். ஆயினும் கண்ணாடியில் பார்த்து விண்மீன் வரையும் கடினமான வேலையில் அவர் கை நாளுக்கு நாள் தேர்ந்தது. முன்பு வரைந்ததை மட்டும் அவர் அறியார்.

கை கற்பது வேறு, நாள் நினைவில் நிற்பது வேறு. மலைப்பேருந்து ஓட்டுநரின் கை எந்த வளைவில் எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்பதை எண்ணாமலே செய்து முடிக்கும். இலண்டனில் எலினார் மகுவையர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். தாமே வழி தேர்ந்து ஓட்டும் வாடகை மகிழுந்து ஓட்டுநர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி, வகுத்த தடத்திலேயே ஓடும் பேருந்து ஓட்டுநர்களைவிடப் பருத்திருந்தது.

இனி அந்த எலுமிச்சை நொடிக்குள் நுழைவோம். ஒரு நரம்பணு மற்றொன்றுக்குக் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளால் செய்தி விடுக்கிறது. ஏற்கும் பக்கத்தில் ஒரு சிறு வாயில். அதன் துளையை மெக்னீசியம் அயனி ஒன்று தக்கைபோல் அடைத்திருக்கிறது. குளூட்டமேட் மட்டும் வந்தால் தக்கை அசையாது. ஏற்கும் அணுவும் அதே வேளையில் கிளர்ந்திருந்தால்தான் தக்கை விலகும், கால்சியம் உள்ளே பாயும். அதன் விளைவாக அவ்விணைப்பு வலுப்பெறும். இருவர் ஒருசேரக் கைவைத்தால் மட்டும் திறக்கும் பூட்டு! இவ்வாறு இணைப்பு வலுப்பெற்று நீடிப்பதை முயலின் மூளையில் கண்டு பிளிஸ், லோமோ இருவரும் 1973இல் விரிவாக எழுதினர்.

ஒன்றுபோல் இருக்கும் 67 வளைவுகள் ஒன்றோடொன்று கலந்து "வளைவு" என்னும் பொதுவுருவாய்ப் போயின. குமட்டலும் அச்சமும் சேர்ந்த வளைவோ பிழைத்துக்கொண்டது. உணர்ச்சி கிளர்ந்தால் அமிக்டலா என்னும் பகுதி நினைவின் பதிவை ஆழமாக்குகிறது. உறக்கத்தில் ஹிப்போகாம்பஸ் பகற்பொழுதின் தடத்தை மீண்டும் ஓட்டிப் பார்க்கிறது என்பதை 1994இல் எலிகளிடம் கண்டனர்.

மீட்பதுதான் வியப்பு. சமையலறையில் எலுமிச்சை நறுக்கும்போது சட்டென அந்தப் பேருந்து வந்து நிற்கிறது. பிற புலன்களின் செய்தி தலாமஸ் என்னும் வாயிலைக் கடந்தே பெருமூளைப் புறணியை அடையும். மணம் அங்கு நில்லாமல் நினைவும் உணர்ச்சியும் உறையும் பகுதிகளுக்கு நெருங்கிய வழியில் சென்று சேர்கிறது. அந்தச் சிறு துணுக்கைப் பற்றிக்கொண்டு ஹிப்போகாம்பஸ் எஞ்சியதை எழுப்புகிறது. காட்சி ஒரு பகுதியில், ஒலி மற்றொன்றில் எனச் சிதறிக் கிடப்பவற்றை அது அழைத்துச் சேர்க்கிறது. இடைவெளி தென்பட்டால் பொதுவறிவு புகுந்து அடைத்துவிடும். நினைவுகூர்தல் என்பது மறுபடி கட்டுவதே என்று பார்ட்லெட் 1932இலேயே வாதிட்டார். கரீம் நாதர் 2000இல் எலிகளிடம் நடத்திய ஆய்வு மேலும் ஒருபடி சென்றது: எழுப்பிய அச்ச நினைவு சிறிது நேரம் இளகி நிற்கிறது, மீண்டும் உறைவதற்குப் புதிய புரதம் வேண்டும்.

சென்ற ஆடிப்பெருக்கிற்கு வல்வில் ஓரி விழா காண மீண்டும் மலையேறினோம். 27ஆம் பலகை வந்ததும் அக்கா என் தோளைத் தட்டினாள். 40 வந்ததும் நான் அவளைத் தட்டினேன். இரண்டு இடத்திலும் ஒரே பள்ளம், ஒரே மரநிழல். அன்று முதல் என் நினைவில் மூதாட்டி இரண்டு வளைவுகளில் எலுமிச்சை கீறுகிறார். போதாக்குறைக்கு, அக்கா சொல்லும் பச்சைச் சேலையையும் உடுத்தியிருக்கிறார்.