ஆரத்தி எடுத்த பிறகு

மலேசிய ராணுவத்தின் ‘மால்பாட் 850’ அணி 2007 முதல் தென் லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் பணியாற்றி வந்திருக்கிறது. அந்த அமைதிப்படையின் பணியை 2026 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடித்து, அடுத்த ஓராண்டுக்குள் படைகளை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று பாதுகாப்பு மன்றம் 2025 ஆகஸ்டில் தீர்மானித்தது. இதுவரை ஓர் அணி திரும்பினால் இன்னோர் அணி போகும். இனி வருகிறவர்கள் வந்துவிடுவார்கள், மாற்று அணி கிளம்பாது. பினாங்கில் அப்படி ஒரு பிள்ளைக்காகவோ கணவருக்காகவோ காத்திருக்கும் குடும்பங்களுக்குச் சில செய்திகள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பயணத் தேதியையும் விமான நேரத்தையும் முகநூலில் போடாதீர்கள். 2024 நவம்பர் 7 அன்று, புதிதாகப் போய் இறங்கிய வீரர்களை ஏற்றிச் சென்ற ஐ.நா. வாகன அணி சிடோன் நகரைக் கடக்கும்போது, பக்கத்தில் ஒரு காரின் மீது வான்தாக்குதல் நடந்தது. மலேசிய வீரர்களும் காயமடைந்தார்கள். தாக்குதலின் இலக்கு அவர்கள் அல்லர். ஆனாலும் சாலையில் இருக்கும் நேரம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த நாள் காட்டியது. வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு படம் போட்டால் போதும்.

வந்த முதல் வாரத்தில் வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும். கவனிக்க வேண்டிய காலம் அதற்குப் பின்னால் வருகிறது. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்குவது, சின்ன விஷயத்துக்குச் சீறுவது, யாரோடும் ஒட்டாமல் இருப்பது, குடி கூடுவது. சில வாரம் இப்படி இருந்து தானே சரியாவது இயல்புதான். ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, அது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போனால் குணமாகக்கூடியது. ‘கண்ணு பட்டிருக்கு’ என்று சுற்றிப்போடுவதில் தவறில்லை. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தைப்பூச ரதம் போகும் பாதையில் மலைமலையாகக் குவித்த தேங்காய்களை உடைக்கும் சத்தம் நமக்குப் பக்தி. சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு முந்திய இரவில் ஹொக்கியன் மக்கள் வெடிக்கும் பட்டாசு நமக்குக் கொண்டாட்டம். குண்டுச் சத்தத்துக்கிடையே பதுங்குகுழியில் இருந்துவிட்டு வந்தவருக்கு அதே சத்தம் உடம்பை உலுக்கலாம். ‘பட்டாளத்துக்குப் போனவன் பட்டாசுக்குப் பயப்படுறானே’ என்று மாமாவோ சித்தப்பாவோ கிண்டல் செய்தால், வீட்டில் பெரியவர்கள் அதை அங்கேயே நிறுத்த வேண்டும். இந்தச் சத்தம் வரும் நேரத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வர விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். வரவேற்பு விருந்தில் பாட்டில் வைக்காதீர்கள் என்றும் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

சேவையில் இருப்பவர் முதலில் அணுக வேண்டியது தம் படைப்பிரிவின் மருத்துவரையும் ராணுவ மருத்துவமனையையும்தான். பதவி உயர்வு போய்விடும் என்ற பயத்தில் பலர் மறைப்பார்கள். அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தாமல் கேட்டு, கூடவே போங்கள். யாரிடமும் பெயர் சொல்லாமல் பேச வேண்டுமானால் சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ எண் 15555 இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது இந்த நாட்டில் இப்போது குற்றமல்ல. தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வழக்கு வருமோ என்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டாம்.

கோபம் கையோங்கும் அளவுக்குப் போனால், ‘பாவம், எவ்வளவு பட்டுட்டு வந்திருக்கார்’ என்று மனைவி பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நோய்க்கு மருத்துவம் உண்டு, அடிக்கு அனுமதி கிடையாது. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சீருடைக்காரருக்கும் பொருந்தும். சமூகநலத் துறை அதிகாரியே ஏழு நாளுக்கான அவசரப் பாதுகாப்பு ஆணை தர முடியும். அழைக்க வேண்டிய எண் 15999. ஜார்ஜ் டவுனில் 1985 முதல் இயங்கும் மாற்றத்துக்கான மகளிர் மையத்திலும் ஆலோசனை பெறலாம்.

அடுத்தது காகிதம். காது இரைச்சல், முதுகுவலி, முழங்கால் வலி ஆகியவற்றை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ எனத் தள்ளிப்போடுவதுதான் பின்னாளில் உரிமையைக் கெடுக்கிறது. காயம் பணியால் வந்தது என்று நிரூபித்தால்தான் இழப்பீடு. ஐ.நா. தரும் இழப்பீடும் நேராக வீட்டுக்கு வராது, அரசு வழியாகவே வரும். ஆகவே அங்கே எழுதிய மருத்துவக் குறிப்பு, சம்பவ அறிக்கை, பணி ஆணை ஆகியவற்றின் நகலை வீட்டில் ஒரு கோப்பில் வையுங்கள். திரும்பியதும் நடக்கும் உடல் பரிசோதனையில் எல்லா வலியையும் சொல்லி எழுத வையுங்கள். ராணுவச் சேமிப்பு நிதியான எல்டிஏடியில் யார் பெயர் வாரிசாக இருக்கிறது என்றும் பாருங்கள். திருமணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்தவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்பியிருக்கமாட்டார். சேவையை விட்டு வந்துவிட்டவர்களுக்கு ராணுவ முன்னாள் வீரர் விவகாரத் துறையான ஜேஎச்இவி இருக்கிறது. ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களுக்கும் அங்கே உதவித் திட்டங்கள் உண்டு.

கடைசியாக, ராணுவத்தில் யாருமே இல்லாத வீடுகளுக்கும் ஓர் எச்சரிக்கை. ‘நான் ஐ.நா. படையில் இருக்கிறேன், விடுப்புக்குப் பணம் கட்டினால் உன்னிடம் வந்துவிடுவேன்’ என்று இணையத்தில் பழகி ஏமாற்றும் கும்பல்கள் உள்ளன. வீரரின் விடுப்புக்கோ விமானச் சீட்டுக்கோ ஐ.நா. எந்தக் குடும்பத்திடமும் காதலியிடமும் பணம் கேட்பதில்லை. பணம் அனுப்பி ஏமாந்தது தெரிந்த உடனே, வெட்கப்பட்டு ஒரு நாளைக்கூட வீணாக்காமல், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997-க்கும் உங்கள் வங்கிக்கும் அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். உரையாடல்களை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி.